எது பெரிய மாரத்தான் வெற்றி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய மாரத்தான் ஒன்று முடிந்தால் போதும், ஓட்டத்தில் ஆர்வமுள்ளவர்களுக்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும். ஒருவர் நேரத்தைக் காட்டுவார், இன்னொருவர் பாதையைக் காட்டுவார், மூன்றாமவர் "ஷூதான் ஓடுது" என்று முடித்துவிடுவார். திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். நேரங்கள் மணி, நிமிடம், வினாடி என்ற வரிசையில் இருக்கும்: 2:05:30 என்றால் 2 மணி 5 நிமிடம் 30 வினாடி. பாதி தூரத்து நேரமும் 5 கி.மீ. நேரமும் நிமிடம், வினாடியாக வரும்.

குறைஞ்ச நேரத்துல ஓடினவர்தானே பெரிய ஆளு? இதுல விவாதிக்க என்ன இருக்கு?

நூறு மீட்டர் ஓட்டத்தில் இந்தப் பேச்சு ஓரளவு எடுபடும். மாரத்தான் நடப்பது தெருவில். மேடு பள்ளம், காற்று, வெயில், திருப்பங்கள், முன்னால் ஓடி வேகம் கொடுக்க ஆள் உண்டா இல்லையா என்று ஊருக்கு ஊர் எல்லாம் மாறும். கடிகாரம் இவை அத்தனையையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்கிறது. அதில் ஓட்டக்காரரின் பங்கு எவ்வளவு, பாதையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்லை.

2018 பாஸ்டனில் யூகி கவாவுச்சி 2:15:58இல் வென்றார். 2023 சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2:00:35இல் வென்றார். நேரத்தை மட்டும் பார்த்தால் இரண்டையும் ஒரே பேச்சில் சேர்க்கவே முடியாது. ஆனால் கவாவுச்சியின் வெற்றியை லேசாக எடுத்துக்கொள்ளும் மாரத்தான் பயிற்சியாளரைக் கண்டுபிடிப்பது கடினம். காரணம் கீழே வரும்.

தூரம் எல்லா ஊர்லயும் 42.195 கி.மீ. தானே? அப்புறம் என்ன வித்தியாசம்?

தூரம் ஒன்றுதான். அளக்கும் முறையும் கறாரானது: அளவு சரிபார்த்த மிதிவண்டியில், திருப்பங்களில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளப்பார்கள். பாதை தப்பித் தவறியும் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்ப்பார்கள். திருப்பங்களில் அகலமாகச் சுற்றி ஓடுபவர் அதற்கு மேலும் ஓட வேண்டியிருக்கும். முன்னணி ஆட்கள் சாலையில் தீட்டிய நீலக் கோட்டை விடாமல் பிடித்து ஓடுவது இதனால்தான்.

வித்தியாசம் மேட்டிலும் திருப்பத்திலும் இருக்கிறது. பெர்லின் தட்டையான பாதை. 2003 முதல் 2022 வரை ஆண்கள் உலக சாதனை எட்டு முறை மாறியது, எட்டும் பெர்லினில்தான். நியூயார்க்கில் ஐந்து பாலங்கள் ஏறி இறங்க வேண்டும். பாஸ்டனில் முதல் பாதி பெரும்பாலும் இறக்கம்; அது தொடைத் தசைகளை அடித்துப் போட்ட பிறகு, ஏறக்குறைய 26ஆவது கி.மீ.க்கு மேல் நியூட்டன் மேடுகள் வரும். அங்கே பலரை வீழ்த்துவது மேடு அல்ல, மேட்டுக்கு முன்னால் உற்சாகமாக ஓடிய இறக்கம்.

பாஸ்டன்ல ஓடின நேரத்தை ஏன் உலக சாதனையா ஏத்துக்க மாட்டேங்கிறாங்க?

இரண்டு விதிகள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நேர்க்கோட்டு இடைவெளி மொத்தத் தூரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. உயர இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது மொத்தம் 42 மீட்டரைத் தாண்டக் கூடாது. பாஸ்டன் ஒரே திசையில் போகும் பாதை, இறக்கமும் ஏறக்குறைய 140 மீட்டர். 2011இல் அங்கே ஜெஃப்ரி முட்டாய் 2:03:02இல் ஓடினார். அன்றைய உலக சாதனை 2:03:59. முதுகுப் பக்கம் வலுவான காற்று தள்ளிக்கொண்டே இருந்த நாள் அது. விதி எதற்காக இருக்கிறது என்பதற்கு அதுவே விளக்கம்.

அதற்காக முட்டாயின் வெற்றி சின்னதாகிவிடாது. அதே காற்றில்தான் மற்றவர்களும் ஓடினார்கள். அதே ஆண்டு நியூயார்க்கிலும் அவர் 2:05:06இல் வென்று அந்தப் பாதையின் சாதனையை உடைத்தார். அங்கே காற்றைக் காரணம் காட்ட யாராலும் முடியவில்லை.

பேஸர்னா யாரு? காசு வாங்கிட்டு முன்னாடி ஓடுறது ஏமாத்து வேலை இல்லையா?

ஏமாற்று இல்லை, விதிக்கு உட்பட்டதுதான். பேஸர் போட்டியில் பதிவுசெய்து, மற்றவர்களோடு சேர்ந்து தொடங்க வேண்டும். நடுவில் நுழையக் கூடாது. பொதுவாக 25 அல்லது 30 கி.மீ. வரை சொன்ன வேகத்தில் இழுத்துவிட்டு விலகிவிடுவார். விலகாமலே ஓடி வென்றவர்களும் உண்டு: 1994 லாஸ் ஏஞ்சலஸில் பால் பில்கிங்டன், 2000 பெர்லினில் சைமன் பிவோட்.

பேஸரால் கிடைக்கும் லாபம் இரண்டு. ஒன்று காற்று: மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் ஓடும்போது எதிரே வரும் காற்றைத் தள்ளவே கணிசமான சக்தி போகும். அதை விடப் பெரிது, வேகத்தைத் தீர்மானிக்கும் தலைவலி இல்லாமல் போவது. பேஸர் சொதப்பினால் சேதமும் பெரிது. கிலோமீட்டருக்கு 3 வினாடி வேகம் கூடினால் 20 கி.மீ.யை ஒரு நிமிடம் முன்னதாகவே தாண்டிவிடுவார்கள். அந்த ஒரு நிமிடத்துக்கான விலையை 35 கி.மீ.க்குப் பிறகு வட்டியோடு கட்ட வேண்டும். பாஸ்டன், நியூயார்க், ஒலிம்பிக், உலகச் சாம்பியன்ஷிப் ஆகியவற்றில் பேஸர் கிடையாது. அங்கே யார் முன்னால் போவது என்பதே ஒரு தனிச் சண்டை. ஒரு வெற்றியை எடைபோடும்போது பேஸர் எந்தக் கிலோமீட்டரில் விலகினார் என்பதை முதலில் பாருங்கள். 2018 பெர்லினில் எலியுட் கிப்சோகே 2:01:39இல் சாதனை படைத்தபோது 25 கி.மீ.யிலேயே பேஸர்கள் தீர்ந்துவிட்டார்கள். மிச்சம் 17 கி.மீ. தனியாக.

கிப்சோகே 2019லயே 2 மணி நேரத்துக்குள்ள ஓடினாரே, அது ஏன் சாதனைப் பட்டியல்ல இல்ல?

வியன்னாவில் அவர் ஓடிய 1:59:40 போட்டி அல்ல. 41 பேஸர்கள் மாறி மாறி உள்ளே வந்து போனார்கள், முன்னால் வண்டி சாலையில் ஒளிக்கோடு போட்டுக் காட்டியது, பானத்தை மிதிவண்டியில் வந்து கையில் கொடுத்தார்கள், எதிர்த்து ஓட யாருமில்லை. மனித உடலால் எது முடியும் என்பதற்கு அது அருமையான சான்று. வெற்றி என்று சொல்ல அங்கே தோற்றவர் ஒருவர்கூட இல்லை.

ஸ்ப்ளிட் அட்டவணைன்னு போடுறாங்களே, அதை எப்படிப் படிக்கிறது?

ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் ஆன நேரம், கடைசியில் மிஞ்சும் 2.195 கி.மீ.க்கான நேரம், இவைதான் அதில் இருக்கும். முதலில் முடிவு நேரத்துக்கான சராசரியைக் கணக்கிடுங்கள். 2:05:00 என்றால் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 57.7 வினாடி, 5 கி.மீ.க்கு ஏறக்குறைய 14:49. கடைசித் துண்டுக்கு 6:30. பெண்கள் 2:20:00க்கு இவை முறையே 3 நிமிடம் 19 வினாடி, 16:35, 7:17. இப்போது அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் இந்தச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

பார்க்க வேண்டிய இடம் 30ஆவது கி.மீ.யிலிருந்து 40ஆவது கி.மீ. வரை. உடலில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராம்; அது வற்றத் தொடங்கும் இடம் இதுதான். மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை பானத்தில் ஏற்றிக்கொண்டே ஓடுகிறார்கள். 5 கி.மீ.க்கு ஒரு மேசையில் தன் புட்டி இருக்கும். ஒன்றைத் தவறவிட்டால் அதன் வலி உடனே தெரியாது, 8, 10 கி.மீ. கழித்துத் தெரியும். 2:05:00க்கான வேகத்தில் வந்தவர் 35–40ஐ 15:30இல் ஓடியிருந்தால் 40 வினாடி கரைந்திருக்கிறது. அவர் வென்றிருந்தாலும், பின்னால் வந்தவர்கள் அதைவிட மோசமாகக் கரைந்ததால் வென்றார் என்று பொருள்.

மறுகோடியில், 2023 சிகாகோவில் கிப்டம் 30–35ஐ 13:51இலும் 35–40ஐ 14:01இலும் ஓடினார். அவருடைய சராசரியே 14:17தான். மற்றவர்கள் தாக்குப்பிடிக்கப் போராடும் இடத்தில் அவர் வேகத்தைக் கூட்டியிருக்கிறார். அந்த இரண்டு வரிகள் 2:00:35 என்ற எண்ணைவிட அதிகம் பேசுகின்றன.

அப்ப ரெண்டாவது பாதிய வேகமா ஓடுறதுதான் நல்ல வெற்றிக்கு அடையாளமா?

பாதி உண்மை. கிப்டம் 2023 லண்டனில் முதல் பாதியை 61:40இலும் இரண்டாவதை 59:45இலும் ஓடினார்; அது அசாதாரணம். ஆனால் கூட்டமே மெதுவாகத் தொடங்கினால் யாருக்கு வேண்டுமானாலும் இரண்டாம் பாதி வேகமாக வரும். பேஸர் இல்லாத போட்டிகளில் இது அடிக்கடி நடக்கும்.

முன்கூட்டியே பாய்ந்து, பிறகு தளர்ந்து, ஆனாலும் விடாமல் பிடித்து வெல்வதற்கும் தனி மதிப்பு உண்டு. 2022 பெர்லினில் கிப்சோகே முதல் பாதியை 59:51இல் கடந்து, அடுத்ததை 61:18இல் ஓடி 2:01:09 என்ற சாதனை படைத்தார். கணக்கு நோட்டில் அது மோசமான திட்டம். ஆனால் பாதியை அந்த வேகத்தில் தாண்டிவிட்டு நிலைகுலையாமல் வந்து சேர்ந்தவர்கள் மிகக் குறைவு.

வெயில், மழைன்னா எத்தனை நிமிஷம் கழிச்சுப் பாக்கணும்?

நிலையான சூத்திரம் எதையும் நம்பாதீர்கள். முன்னணி ஆட்களுக்கு ஏறக்குறைய 5 முதல் 12 டிகிரி வரை வசதி. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரியும் உறுத்தும். ஈரப்பதம் சேர்ந்தால் வியர்வை ஆவியாகாமல் உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். 2019 தோஹா உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கியும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல். 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. எதிர்க்காற்றில் இழப்பதைப் பின்காற்றில் முழுதாகத் திரும்பப் பெறவும் முடியாது. அதனால் சுற்றி வரும் பாதையிலும் காற்று நஷ்டம்தான்.

கைக்கு எளிய வழி ஒன்று உண்டு. முதல் பத்துப் பேரையும் எடுத்து, அன்றைய நேரத்திலிருந்து அவரவர் சிறந்த நேரத்தைக் கழியுங்கள். பத்து வித்தியாசங்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பாருங்கள். அந்த நாளும் பாதையும் சேர்ந்து பிடுங்கியது ஏறக்குறைய அவ்வளவு. வென்றவர் அதைவிட எவ்வளவு குறைவாக இழந்தார் என்பதுதான் கேள்வி. ஒரு எச்சரிக்கை: தோல்வி உறுதியானதும் கடைசி 5 கி.மீ.யை மெதுவாக ஓடி முடிப்பவர்கள் கணக்கைக் கொஞ்சம் கெடுப்பார்கள்.

2025 பெர்லினில் செபாஸ்டியன் சாவே 2:02:16இல் வென்றார். வழக்கத்துக்கு மாறான சூடான நாள். இரண்டாவதாக வந்தவர் 2:06:15. இங்கே கணக்குப் போடவே தேவையில்லை.

பெரிய ஆளுங்க எல்லாம் பாதியில விலகிட்டா, அது சும்மா கிடைச்ச வெற்றிதானே?

2018 பாஸ்டனைப் பற்றித்தான் இதைக் கேட்பார்கள். உறையவைக்கும் குளிர், கொட்டும் மழை, நேர் எதிர்க்காற்று. முன்னணி ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பெண்களில் டெஸ் லிண்டன் 2:39:54இல் வென்றார். 1978க்குப் பிறகு அங்கே அவ்வளவு மெதுவான பெண்கள் வெற்றி நேரம் இல்லை. ஆண்களில், முந்தைய ஆண்டு சாம்பியன் ஜெஃப்ரி கிருயியை ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கவாவுச்சி முந்தி, இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளியில் முடித்தார்.

விலகியவர்களுக்கும் அதே மழைதான். உடல் சூட்டைக் காப்பது, விரைத்த விரல்களால் புட்டியைப் பிடிப்பது, நனைந்த உடையின் எடையைத் தாங்குவது எல்லாம் அன்று போட்டியின் பகுதி. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: தொடக்கத்துக்கு முன்பே காயத்தால் வராமல் போனவர்கள் வேறு, வந்து ஓடி உடைந்தவர்கள் வேறு. முன்னது வெற்றியின் எடையைக் கொஞ்சம் குறைக்கும். பின்னது குறைக்காது.

ஒலிம்பிக் தங்கம் பெரிசா, லண்டன், பெர்லின் மாதிரி இடத்துல ஜெயிக்கிறது பெரிசா?

ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு மூன்று பேர்தான். கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் நான்காவது ஆள் உலகின் முதல் பத்துக்குள் இருப்பார். அவர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். லண்டன் போன்ற போட்டிகள் விரும்பிய ஆட்களை எல்லாம் பணம் கொடுத்து அழைக்கும். ஆக, ஆட்களின் அடர்த்தியில் லண்டன் பல ஆண்டுகளில் முன்னே நிற்கும்.

ஒலிம்பிக்கின் கஷ்டம் வேறு வகை: கோடை வெயில், பேஸர் இல்லை, நான்கு ஆண்டுக்கு ஒரு நாள். 2024 பாரிஸ் பாதையில் ஏற்றம் மட்டும் மொத்தம் 436 மீட்டர். மாற்று ஆளாக இருந்து கடைசியில் அணிக்குள் வந்த தமிரத் டோலா அங்கே 2:06:26இல் ஓடி ஒலிம்பிக் சாதனையே படைத்தார். அதே பாரிஸில் சிஃபான் ஹசன் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் வெண்கலம் வாங்கி, 10,000 மீட்டர் இறுதி முடிந்த இரண்டாம் நாள் மாரத்தானை 2:22:55இல், மூன்று வினாடி இடைவெளியில் வென்றார். பொதுவாக எது பெரிது என்பதைவிட, அந்த ஆண்டு அங்கே யார் யார் வந்தார்கள் என்று பார்ப்பது பயன் தரும்.

நாலு நிமிஷ வித்தியாசத்துல ஜெயிக்கிறது பெரிசா, கடைசி அடியில முந்துறது பெரிசா?

இடைவெளி வலிமையைக் காட்டும். நெருக்கம் நெஞ்சுரத்தைக் காட்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அபேபே பிகிலா, குடல்வால் அறுவை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், நான்கு நிமிடத்துக்கு மேல் இடைவெளியில் வென்றார். 2025 டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்பில் அல்ஃபோன்ஸ் சிம்பு வென்றது 0.03 வினாடி இடைவெளியில், அவருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் ஒரே நேரம், 2:09:48.

எங்கள் பார்வையில் இடைவெளியை விட, அது எங்கே உண்டானது என்பது முக்கியம். 1984 ஒலிம்பிக்கில் ஜோன் பெனாய்ட் 5 கி.மீ. அளவிலேயே பிரிந்து போனார். "திரும்பி வந்துவிடுவார்" என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், அவர் திரும்பவே இல்லை. 37 கி.மீ. வரை ஒட்டிக்கொண்டிருந்து கடைசியில் பாய்வதைவிட அதில் ஆபத்து பல மடங்கு.

பெண்கள் சாதனைன்னு ரெண்டு நேரம் சொல்றாங்களே, எது நிஜம்?

இரண்டுமே. ஆண்களோடு கலந்து ஓடும் போட்டியில் ஆண் பேஸர் கடைசிவரை கூடவே வரலாம்; பெண்கள் மட்டும் தனியாகத் தொடங்கும் போட்டியில் அது நடக்காது. பௌலா ராட்கிளிஃப் 2003 லண்டனில் ஆண் பேஸர்களோடு 2:15:25, 2005இல் அவர்கள் இல்லாமல் 2:17:42. டிக்ஸ்ட் அசெஃபா 2023 பெர்லினில் கலப்பு ஓட்டத்தில் 2:11:53, 2025 லண்டனில் பெண்கள் மட்டும் ஓடியதில் 2:15:50. ஒரே ஆளின் இரு எண்களுக்கு நடுவே உள்ள இந்த இடைவெளியே பேஸரைப் பற்றி மேலே சொன்னதை உறுதிசெய்கிறது. போட்டி என்ற வகையில் பெண்கள் மட்டும் ஓடுவதையே நாங்கள் மேலாக மதிக்கிறோம்.

இப்ப எல்லாம் ஷூதானே ஓடுது?

2017க்குப் பிறகு வந்த கார்பன் தகடு, தடித்த நுரை ஷூக்கள் நேரங்களைக் குறைத்தது உண்மை. இப்போது விதி உண்டு: அடிப்பாகம் 40 மி.மீ.க்கு மேல் கூடாது, தகடு ஒன்றுதான். 2021 வியன்னாவில் முதலாவதாக வந்த டெராரா ஹுரிசா, 50 மி.மீ. அடிப்பாக ஷூ போட்டதால் தகுதி இழந்தார்.

ஆனால் முன்னணியில் எல்லோருடைய காலிலும் அதே ரக ஷூ. எனவே வெற்றியை எடைபோட ஷூ பெரிதாகக் குறுக்கே வராது. பழைய நேரங்களோடு ஒப்பிடும்போதுதான் வரும். அதனால்தான் பிகிலாவை இன்றைய எண்களோடு மோதவிடக் கூடாது. தன் காலத்து ஆட்களிடமிருந்து எவ்வளவு விலகி நின்றார் என்றே பார்க்க வேண்டும்.

ஊக்கமருந்துல மாட்டினவரோட பழைய வெற்றிய என்ன செய்யறது?

சட்டப்படி, மாதிரி எடுத்த நாளிலிருந்து முடிவுகள் ரத்தாகும். முந்தையவை, தனிச் சான்று இல்லாவிட்டால், நிற்கும். ரூத் செப்ன்கெடிச்சுக்கு 2025இல் மூன்றாண்டுத் தடை வந்தது. மாதிரி எடுத்தது 2025 மார்ச்சில் என்பதால் 2024 சிகாகோவில் அவர் ஓடிய 2:09:56 பட்டியலில் நின்றது. பட்டியலில் நிற்பதும் பார்ப்பவர் மனத்தில் நிற்பதும் ஒன்றல்ல. இரண்டாவதை எந்த விதியும் கட்டாயப்படுத்த முடியாது.

ஒரே ஒரு அசுர ஓட்டமா, வருஷக்கணக்கா ஜெயிக்கிறதா?

கேள்வி வெற்றியைப் பற்றியா, ஓட்டக்காரரைப் பற்றியா என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2014 முதல் 2019 வரை கிப்சோகே தொடர்ந்து பத்து மாரத்தான்களை வென்றார். ஆண்டுக்கு இரண்டு முறைதான் முழுபலத்தோடு ஓட முடியும் என்ற விளையாட்டில், ஒரு வயிற்றுக்கோளாறோ தசைப்பிடிப்போ போதும் எல்லாம் போக. கிப்டம் ஓடியது மூன்றே மாரத்தான்கள். மூன்றும் 2:02:00க்குள், மூன்றும் வெற்றி. 2024 பிப்ரவரியில் விபத்தில் இறந்துவிட்டார். ஓட்டக்காரர் என்றால் கிப்சோகே. தனி ஓட்டம் என்றால் இருவருக்கும் நடுவே முடிவு சொல்வது கடினம்.

சரி, சுத்தி வளைக்காம ஒரே ஒரு வெற்றியச் சொல்லுங்க.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக், சாமுவேல் வாஞ்ஜிரு. மேலே சொன்ன அளவுகோல்கள் எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள். பேஸர் இல்லை. கோடைக் காலை, ஏறிக்கொண்டே போகும் வெயில். அப்படிப்பட்ட நாளில் ஒலிம்பிக் மாரத்தானை மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் பாய்வதுதான் அதுவரை நடைமுறை. முன்னணிக் கூட்டத்தோடு அவர் முதல் 10 கி.மீ.யையே 30 நிமிடத்துக்குள் ஓடி, ஆட்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டார். 24 ஆண்டுகளாக நின்ற 2:09:21 என்ற ஒலிம்பிக் சாதனை 2:06:32 ஆனது. வயது 21, கென்யாவுக்கு ஒலிம்பிக் மாரத்தானில் முதல் தங்கம்.

டோலாவின் பாரிஸ் ஓட்டம் இதைவிட 6 வினாடி வேகம், பாதையும் கடினம், அதனால் அதுவே மேல் என்பவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஷூ பற்றிய பதிலை ஒருமுறை படித்துவிட்டு அந்த 6 வினாடியைத் திரும்பப் பாருங்கள்.